பாலத்துக்குப் பாலம் சிறுத்த செண்பகவல்லி

செண்பகவல்லி முதல் பாலத்திலேயே சிறுக்கத் தொடங்கிவிட்டாள் என்பது பிற்பாடு உட்கார்ந்து யோசித்தபோதுதான் எங்களுக்கு விளங்கியது, அன்றைக்குக் காலையில் பிரஸ்ஸல்ஸில் ரயிலேறி, பெயர் எங்களில் ஒருவர் வாயிலும் சரியாக நுழையாத அந்தக் கால்வாய் நகரத்தில் இறங்கி, தண்ணீரில் மிதந்த அன்னங்களையும் தண்ணீருக்குள் தலைகீழாக நின்ற செங்கல் வீடுகளையும் வாய்பிளந்து பார்த்துக்கொண்டு முதல் கல்பாலத்தைக் கடந்தபோது, அவள் மட்டும் நின்று, "இந்தப் பையோட வார் எப்படி இம்புட்டு நீண்டுச்சு?" என்று கேட்டாள். அந்தப் பையில்தான் எங்கள் எல்லோருக்குமான எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் இருந்தன. வாரை ஒரு துளை ஏற்றிப் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு நாங்கள் நடந்தோம்.

நாங்கள் என்றால், சென்னையிலிருந்து ஒரு கம்பெனி அனுப்பி, பிரஸ்ஸல்ஸில் இன்னொரு கம்பெனியின் கட்டடத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்து மென்பொருள் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள். எங்களுக்குத் தலைவர் பொள்ளாச்சி ஞானசேகரன். டீம் என்றால் ஒரே உடம்பு என்பது அவர் கொள்கை. ஒரே டிக்கெட்டில் போவோம், ஒரே வழியில் நடப்போம், ஒரே டிக்கெட்டில் திரும்புவோம், எது முடிவெடுப்பதானாலும் வாட்ஸாப் குழுவில் ஓட்டெடுப்பு நடத்துவோம், பெரும்பான்மை எதுவோ அதுவே முடிவு. மத்தியானம் பீட்சாவா பிரியாணியா என்பதிலிருந்து யார் தீபாவளிக்கு ஊருக்குப் போவது என்பதுவரை அப்படித்தான் தீர்மானித்தோம், ஒருநாளும் சண்டை வந்ததில்லை. செண்பகவல்லி கோவில்பட்டிக்காரி, நாங்கள் செய்ததில் பிழை கண்டுபிடிப்பது அவள் வேலை, அதனால் அவள்மேல் எங்களுக்குக் கொஞ்சம் கடுப்பு உண்டு என்பதை மறைப்பானேன்.

இரண்டாவது பாலம் தாண்டியதும் பிரசன்னா அவள் பக்கத்தில் போய் நின்று, "ஏய், நேத்துவரைக்கும் என் காது வரைக்கும் இருந்த, இப்ப என்ன தோளுக்கு வந்துட்ட?" என்றான். அவன் எதையும் கேலியாகவே பார்க்கிறவன். அதற்கடுத்த பாலத்தில் அவன் இடுப்புக்கு வந்துவிட்டாள். சட்டையும் ஸ்வெட்டரும் செருப்பும் அவளோடு சேர்ந்தே குறுகின, கையில் பிடித்திருந்தவை குறுகவில்லை, குரலும் குறுகவில்லை. இடுப்பளவு உடம்பிலிருந்து ஒரு முழுப் பெண்ணின் குரல் கணீரென்று வந்தது. கால்வாயில் படகுச் சவாரிக்கு ஏறினோம். படகுக்காரன் ஒன்றும் கேட்காமல் அவளுக்குக் குழந்தைகளின் மிதவைச் சட்டையை எடுத்து மாட்டிவிட்டபோது நாங்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம், அவளும் சிரித்தாள். அந்த ஊர்க்காரர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வருகிறவர்களில் யாரோ ஒருவருக்கு அப்படி ஆவது உண்டு என்பதுபோல, சாக்லேட் கடைக்காரி உள்ளே போய் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டாள். குளிர் ஒத்துக்கொள்ளாமல் இருக்கும், ஊருக்குப் போனால் சரியாகிவிடும் என்று ஞானசேகரன் சொன்னார். பையை மட்டும் பிரசன்னா வாங்கிக்கொண்டான், ஏனென்றால் அதற்குள் எல்லோருக்கும் பசித்துவிட்டது.

அது ஏன் நடந்தது என்று எங்களிடம் கேட்கக் கூடாது. எப்படி நடந்தது என்பது மட்டும் சாப்பிட்ட பிறகு தெரிந்தது. பிரசன்னா தன் கறுப்புக் கண்ணாடியை அந்தச் சாக்லேட் கடையிலேயே மறந்துவிட்டு வந்திருந்தான். எடுத்துவர எங்களில் யாருக்கும் கால் எழவில்லை. செண்பகவல்லிதான் குட்டிக் கால்களால் குடுகுடுவென்று பாலத்தைத் திரும்பக் கடந்து போனாள். அந்தக் கரையில் இறங்கியதும் அவள் ஒரு முழம் வளர்ந்ததை இந்தக் கரையிலிருந்து நாங்கள் அத்தனை பேரும் பார்த்தோம். கண்ணாடியை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள், பழையபடி சிறுத்தாள்.

அவளுக்கு முகமே மலர்ந்துவிட்டது. "சார், கண்டுபிடிச்சிட்டேன். வந்த வழியிலயே பாலம் பாலமாத் திரும்பிப் போனாப் போதும். ஸ்டேஷன் போறதுக்குள்ள நான் பழையபடி ஆயிருவேன்" என்றாள். ஆவணியில் அவளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள், மாப்பிள்ளை சிவகாசிப் பக்கம், அதனால் அவளுக்கு அவள் உயரம் உடனே வேண்டியிருந்தது. அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை என்று எல்லோரும் ஒத்துக்கொண்டோம். ஆனால் மணிக்கூண்டு இன்னும் பார்க்கவில்லை, காற்றாலைகள் இன்னும் பார்க்கவில்லை, அவை எல்லாம் அந்தக் கோடியில் இருந்தன. முதலில் பார்க்கவேண்டியதைப் பார்ப்போம், அப்புறம் திரும்புவதைப் பற்றிப் பேசுவோம் என்று ஞானசேகரன் சொன்னார்.

மணிக்கூண்டுக்குப் போகிற பாலத்தில் அவள் முழங்காலுக்கு வந்தாள், சரிகை பின்னுகிறவர்களின் தெருவுக்குப் போகிற பாலத்தில் ஒரு தண்ணீர் பாட்டில் அளவுக்கு வந்தாள், காற்றாலைகளுக்குப் போகிற மரப்பாலத்தைத் தாண்டியபோது அவளோடு அறையில் தங்கியிருந்த நாகர்கோவில் ரெஜினா அவளைக் கையில் தூக்கிக்கொள்ளவேண்டியதாயிற்று. தூக்கிக்கொண்டு கடந்தாலும் சிறுக்கத்தான் செய்தாள். காற்றாலைகளை ஆற அமரப் பார்த்து முடித்தபோது கட்டைவிரல் உயரம் இருந்தாள். கால் எல்லோருக்கும் கெஞ்சியது. அங்கிருந்து ஊரைச் சுற்றிக்கொண்டு, ஒரு பாலமும் ஏறாமல், நேராக ஸ்டேஷனுக்குப் போகிற பஸ் ஒன்று எங்கள் முன்னால் வந்து நின்றது.

ஞானசேகரன் முறை தவறாதவர். "ஓட்டெடுப்பு வச்சிருவோம்" என்று அங்கேயே நின்று வாட்ஸாப்பில் போட்டார்: பஸ்ஸா, பாலங்களா. எல்லோரும் ஃபோனை எடுத்து ஓட்டுப் போட்டோம். செண்பகவல்லியின் ஃபோனை ரெஜினா ஒரு பெஞ்சின்மேல் வைத்து அவளை அதன் மேல் நிறுத்தினாள். அவள் ஓடி ஓடி மிதித்தாள், குதித்தாள், கடைசியில் படுத்து உருண்டாள், கண்ணாடித் திரை அவளை ஒரு தொடுதலாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

"சார், என் ஓட்டு பாலத்துக்கு. வாயால சொல்லுதேன், எழுதிக்கோங்க சார்" என்று கத்தினாள்.

"வாயால சொல்றதெல்லாம் செல்லாதுங்கம்மா. எல்லார்த்துக்கும் ஒரே ரூலுதானுங்க" என்றார் ஞானசேகரன்.

அவள் ஓட்டு விழுந்திருந்தாலும் பஸ்தான் ஜெயித்திருக்கும். ரெஜினாவும் பஸ்ஸுக்குத்தான் போட்டிருந்தாள், செருப்பு கடித்துக் குதிகால் தோல் உரிந்திருந்தது அவளுக்கு. காலியான சாக்லேட் பெட்டி ஒன்றில், சாக்லேட் இருந்த ஒரு குழியில் செண்பகவல்லியை உட்காரவைத்து மூடினோம், மூச்சு முட்டக்கூடாது என்று பிரசன்னா பேனாவால் மூடியில் ஓட்டைகள் போட்டான். நாங்கள் ஒன்றும் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. ரயிலில் அவள் விடாமல் பேசிக்கொண்டே வந்ததால் எங்களால் தூங்க முடியவில்லை, எங்களுக்கு எரிச்சலாக இருந்தது, இருந்தும் ஒருவரும் அவளை ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை.

திங்கட்கிழமை அவள் வேலைக்கு வந்தாள். கீபோர்டின்மேல் எழுத்துக்கு எழுத்து தாவித் தாவி அடித்தாள், திரைக்கு வெகு அருகில் நின்றதால் முன்னைவிட அதிகமாகப் பிழை கண்டுபிடித்தாள். கேமராவை அணைத்துவைத்துப் பேசுகிற கூட்டங்களில் அவள் குரல்தான் மற்ற எல்லோருடையதையும்விடத் தெளிவாக இருக்கிறது என்று வெள்ளைக்காரர்கள் பாராட்டினார்கள். அவளுக்கு நாற்காலி வேண்டாம், மேசை வேண்டாம் என்று கேள்விப்பட்ட சென்னை மேலதிகாரிகளுக்கு மகிழ்ச்சியாக இருந்தது; இன்னும் சிலருக்கு இப்படி ஆக வாய்ப்புண்டா என்றுகூட ஒருவர் விசாரித்தார். ஆண்டு மதிப்பீட்டில் மட்டும் விசிபிலிட்டி போதவில்லை என்று போட்டுச் சம்பள உயர்வை நிறுத்திவைத்தார்கள்.

கோவில்பட்டியிலிருந்து அம்மா வீடியோவில் கூப்பிடும்போது ரெஜினா ஃபோனை அவள் முகத்துக்கு ஒட்டிப் பிடிப்பாள், திரை முழுக்க முகம் நிறைந்துவிடும். "முகம் நல்லாத் தெளிஞ்சிருக்கே, அந்த ஊர் தண்ணி ஒத்துக்கிட்டு போலுக்கே" என்று அம்மா சந்தோஷப்படுவாள். கல்யாணப் புடவைக்கு ஜாக்கெட் தைக்க அளவு கேட்டபோது ரெஜினாவே பழைய ஜாக்கெட்டை அளந்து சொல்லிவிட்டாள். அன்றைக்கு ஃபோனை வைத்த பிறகு செண்பகவல்லி ரொம்ப நேரம் அழுதாள். சுண்டுவிரல் நகத்தளவு முகத்திலிருந்து அவ்வளவு பெரிய அழுகை வந்ததால் பக்கத்துக் குடித்தனக்காரன் சுவரைத் தட்டினான், ரெஜினா அவளைக் குளியலறையில் கொண்டுபோய் வைத்தாள்.

ஒவ்வொரு வாரமும் அவள் கேட்டாள். ஒரு சனிக்கிழமை, ஒரே ஒரு சனிக்கிழமை, அந்த ஊருக்குப் போய் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு நடந்தால் போதும் என்று. கேட்பது நியாயம்தான் என்று ஒவ்வொரு வாரமும் சொன்னோம், ஓட்டெடுப்பும் வைத்தோம், ஒரு வாரம் பாரிஸ் ஜெயித்தது, ஒரு வாரம் டியூலிப் தோட்டம் ஜெயித்தது, ஒரு வாரம் வீட்டிலேயே இருந்து மட்டன் சமைப்பது ஜெயித்தது. பார்த்த ஊரையே திரும்பப் பார்ப்பதென்றால் யாருக்கு மனசு வரும். நீ மட்டுமாவது கூட்டிக்கொண்டு போயேன் என்று அவள் ரெஜினாவைக் கெஞ்சினாள். "தனியாப் போனா எனக்கு போரடிக்கும்டி" என்றாள் ரெஜினா, அது உண்மைதான், அவளுக்குத் தனியாகப் போய்ப் பழக்கமில்லை. ஆவணி வந்தது, லீவு கிடைக்கவில்லை என்று அம்மாவிடம் சொல்லவைத்தோம். மாப்பிள்ளை வீட்டார் ஐப்பசிவரை பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு பெண்ணை முடித்துக்கொண்டார்கள். அதன் பிறகு அவள் கல்யாணத்தைப் பற்றிப் பேசவில்லை, பாலங்களைப் பற்றி மட்டும்தான் பேசினாள்.

பனிக்காலம் போய் வெயில் வந்தபோது சென்னையிலிருந்து புதிதாக இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். அதில் ஒருத்தி சுபிக்‌ஷா, துறுதுறுவென்றிருப்பாள். அவர்களுக்கு அந்தக் கால்வாய் நகரத்தைப் பார்க்கவேண்டும் என்று ஆசை, ஓட்டெடுப்பில் அதுவே ஜெயித்தது. செண்பகவல்லி பெட்டிக்குள் கைதட்டியது ஊசி விழுந்ததுபோல எங்களுக்குக் கேட்டது. "பாத்தீங்களா, நமக்கும் ஒரு காலம் வரும்னு சொன்னேன்ல" என்று ஞானசேகரன் மூடிக்குப் பக்கத்தில் குனிந்து சொன்னார், அவருக்கே கண் கலங்கிவிட்டது.

ஸ்டேஷனில் இறங்கியதும் அவள், "சார், பஸ்ஸுல நேரா அந்தக் கடைசிக்குப் போயிருவோம் சார். அங்கருந்து நடந்து வந்தா எல்லாத்தையும் பாத்த மாதிரியும் ஆச்சு, எனக்கும் சரியாயிரும்" என்றாள்.

"புதுசா வந்தவிகளுக்குக் கடைசியிலிருந்து காட்டினா என்னம்மா வெளங்கும்? முறையா மொதல்ல இருந்து போவோம். திரும்பறப்ப பாலம் பாலமா, உங்களுக்குன்னே நடக்கறோம், போதுங்களா?"

"போகும்போதே நான் இன்னும் சிறுத்துருவேனே சார். தாங்காது சார். என்னைய மட்டுமாவது இங்க ஸ்டேஷன்ல வச்சுட்டுப் போங்க."

"உங்கள விட்டுப்போட்டு எங்களுக்கு மட்டும் என்னுங்க டூர்? டீம்னா ஒரே உடம்புதானுங்களே" என்றார் ஞானசேகரன், அப்படி அவர் சொன்னபோது புதிதாக வந்த இரண்டு பேருக்கும் அவர்மேல் பெரிய மரியாதை உண்டானது.

நடந்தோம். முதல் பாலத்தில் அவள் ஒரு எறும்பளவுக்கு வந்தாள், இரண்டாவதில் ஒரு சீனிப் பரல், அதற்குப் பிறகு பெட்டிக்குள் எட்டிப் பார்த்தால் குரல் வருகிற குழி மட்டும் தெரிந்தது. குரல் அப்படியேதான் இருந்தது, ஒரு பிசிறு இல்லை. சார், ரெஜினா, பிரசன்னா என்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திரும்பிவிடலாம் என்றாள், நாங்கள் ஒவ்வொரு தடவையும் இதோ ஆயிற்று என்றோம். மணிக்கூண்டுக்குப் போகிற பாலத்தின் உச்சியில் சுபிக்‌ஷாவுக்கு அவளைப் பார்க்கவேண்டும்போல் இருந்தது. "இவ்ளோ நாளாக் குரலை மட்டுமே கேக்குறேன், ஒரு ஹாய் சொல்லிக்கிறேனே" என்றாள். ரெஜினா மூடியைத் திறந்தாள், தண்ணீரின்மேலிருந்து சில்லென்று ஒரு காற்று வந்தது.

"மூடு ரெஜினா, மூடு" என்றது குரல், அது பெட்டிக்குள்ளிருந்து வரவில்லை. கைப்பிடிச் சுவர்ப் பக்கமிருந்து வந்தது, அப்புறம் காலடியிலிருந்து வந்தது, அப்புறம் நடுப்பாலத்தில் ஏதோ ஒரு கல்லிடுக்கிலிருந்து வந்து அங்கேயே நின்றுவிட்டது. யார் மூடியைத் திறக்கச் சொன்னது என்று எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். சுபிக்‌ஷா தேம்பித் தேம்பி அழுததால் எல்லோருமாக அவளைத் தேற்றவேண்டியதாயிற்று. தேற்றி முடித்தபோது மணிக்கூண்டு மூடுகிற நேரம் நெருங்கியிருந்தது, புதிதாக வந்தவர்கள் அதற்காகத்தானே வந்திருந்தார்கள். கொஞ்சம் பொறும்மா, வந்துவிடுகிறோம் என்று கல்லைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனோம்.

வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான் என்பதில் நாங்கள் கெட்டி. சாயங்காலம் பஸ் வந்து நின்றும் ஏறாமல், பாலம் பாலமாகத் திரும்பினோம், திறந்த பெட்டியை ரெஜினா பிரசாதத் தட்டுபோல முன்னால் ஏந்திக்கொண்டு நடந்தாள். குரல் நின்றுபோன அந்தப் பாலத்தில் ஞானசேகரன் குனிந்து, "பெட்டி இங்கதானுங்க இருக்குது, ஏறி உக்காந்துக்கங்கம்மா" என்றார்.

"பெட்டி எங்க இருக்குன்னு தெரியல சார். எல்லாமே ரொம்பப் பெருசா இருக்கு."

ரெஜினா கைக்குட்டையை நனைத்துக் கல்லை ஒற்றி ஒற்றி எடுத்து, ஸ்டேஷன் பக்கத்துக் கரைக்கு ஓடிவந்து, அவள் வளர்ந்து தெரிகிறாளா என்று உதறி உதறிப் பார்த்தாள். மண்தான் வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் ஒற்றியிருந்தால் கிடைத்திருப்பாள் என்று இப்போதும் சொல்கிறாள், சொல்கிறவள் பிறகு ஒருநாளும் அங்கே போய்த் தேடவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது, எல்லோருக்கும் சேர்த்து ஒரே டிக்கெட், ஒருவர் தங்கினாலும் அத்தனை பேரும் தங்கவேண்டும்.

அந்த ஊர் அதையும் சட்டென்று ஏற்றுக்கொண்டது. படகோட்டிகள் அந்தப் பாலத்துக்கு அடியில் துடுப்பை நிறுத்தி, மேலே யாரோ ஒரு கிழக்கத்திய தெய்வம் பயணிகளை வாழ்த்துகிறது என்று நாலு மொழிகளில் சொல்லத் தொடங்கினார்கள். அந்தக் குரலைப் பதிவுசெய்து யாரோ இணையத்தில் போட, அது தமிழ் என்று தெரிந்த அன்றைக்கு எங்கள் ஆட்களுக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது. ஐரோப்பாவில் ஒரு கல் தமிழ் பேசுகிறது! ஜெர்மனியிலிருந்தும் பிரான்ஸிலிருந்தும் வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள், குழந்தைகளைக் கல்லுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து உச்சரிப்பைக் கவனிக்கச் சொன்னார்கள், ழகரம் எவ்வளவு சுத்தம் பார் என்றார்கள். வழி விடுங்க, வழியக் காட்டுங்க என்று அது விடாமல் கேட்டுக்கொண்டிருந்ததால் ழகரத்துக்குக் குறைவே இல்லை. செண்பகவல்லி அந்த ஊரிலேயே நல்ல வேலை கிடைத்து இருந்துவிட்டாள், வீடியோதான் அங்கே எடுக்காது என்று அம்மாவிடம் சொல்லியிருந்தோம்.

அடுத்த தைப்பொங்கலுக்கு அந்தப் பாலத்திலேயே விழா வைத்தார்கள். ஞானசேகரன் பட்டு வேட்டியில் முன்வரிசையில் இருந்தார், குரலைக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் என்று எங்கள் எல்லோருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். கடைசியாக, குரலுக்குரிய பெண்ணைப் பெற்ற தாய் கோவில்பட்டியிலிருந்து ஃபோனில் வாழ்த்துரை வழங்குவார் என்று அறிவித்து, ஃபோனை ஒலிபெருக்கியோடு இணைத்துக் கல்லின் பக்கத்தில் வைத்தார்கள். அந்த அம்மாளுக்கு வாழ்த்துரை என்றால் என்னவென்று யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

"வல்லி… ஏட்டி வல்லி, எங்க இருக்க?"

"இங்கதாம்மா. பாலத்துலம்மா."

"பாலத்துல எந்தப் பக்கம் நிக்க? வீட்டுக்கு வார பக்கமா, அந்தப் பக்கமா?"

"நடுவுலம்மா."

எவ்வளவு அழகாக ஏற்பாடு செய்திருக்கிறார்கள், தாயும் மகளும் பேசிக்கொள்வதைப் போலவே இருக்கிறதே என்று எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினோம். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. அந்த அம்மாள் அதற்குமேல் என்னவோ கேட்டாள், கல்லும் என்னவோ பதில் சொல்லிக்கொண்டிருந்தது, எங்களுக்குத்தான் ஒன்றும் கேட்கவில்லை.